வென்டிலேட்டரோடு வீட்டுக்கு வரும் குழந்தை: வேலூர் வட்டாரக் குடும்பங்களுக்குச் செய்முறைக் குறிப்புகள்

தசைச் சிதைவு, முதுகுத்தண்டுத் தசைநலிவு, கழுத்துப் பகுதியில் அடிபட்ட தண்டுவடம், குறைமாதத்தில் பிறந்து தேறாத நுரையீரல், தூங்கினால் மூச்சை மறந்துவிடும் பிறவிக் கோளாறு. காரணம் எதுவானாலும், கழுத்தில் டிரக்கியாஸ்டமி டியூபும் (கழுத்தில் இட்ட துளை வழியாக மூச்சுக்குழாய்க்குள் போகும் குழாய்) பக்கத்தில் சின்ன வென்டிலேட்டருமாக ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வரும் குழந்தைக்கு வீட்டில் வேண்டியது ஒன்றேதான். டியூப் அடைத்துக்கொண்டாலோ வெளியே வந்துவிட்டாலோ, ஒரு நிமிடத்துக்குள் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் விழித்தபடி பக்கத்தில் இருக்க வேண்டும். மெஷின் பழுதாகி ஆபத்து வருவதைவிட, டியூப் அடைப்பதாலும் கழன்றுவிடுவதாலும், கவனிக்க வேண்டியவர் அசந்து தூங்கிவிடுவதாலும் வருவதே அதிகம். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றியே. உங்கள் குழந்தைக்கென்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த எண்கள் இதிலிருந்து மாறுபட்டால், ஆஸ்பத்திரி எண்களையே பின்பற்றுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்

சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ, எங்கிருந்து கிளம்பினாலும் அவசரப்பட வேண்டாம். வென்டிலேட்டர் அமைப்பை (செட்டிங்) சில வாரங்களாக மாற்றாமலேயே குழந்தை நன்றாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் தேவை குறைவாக, ஏற்றஇறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டில் ஓடப்போகும் அதே வென்டிலேட்டரில், மெஷினிலிருந்து டியூபுக்குக் காற்றைக் கொண்டுவரும் அதே சர்க்யூட் குழாயில் சில நாள் ஓடிப் பார்த்திருக்க வேண்டும். ஐ.சி.யூ. மெஷினில் நன்றாக இருந்த குழந்தை வீட்டு மெஷினுக்கு மாறியதும் திணறுவது உண்டு. அது வார்டிலேயே தெரிந்துவிடட்டும்.

குறைந்தது இரண்டு பேருக்கு முழுப் பயிற்சி வேண்டும். அம்மா மட்டும் கற்றுக்கொண்டு, அப்பா "நான் வேலைக்குப் போகிறவன், அவளே பார்த்துக்கொள்வாள்" என்று ஒதுங்கினால் அது ஏற்பாடே இல்லை. பாட்டியோ சித்தியோ மாமாவோ யாராவது இருக்கட்டும். அந்த இரண்டு பேரும் தனித்தனியாகச் சக்ஷன் போட (சளியை உறிஞ்சி எடுக்க), டியூப் மாற்ற, அம்பு பேக் (கையால் மூச்சு கொடுக்கும் பை) அழுத்த, உயிர்மீட்பு முதலுதவி செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக, நர்ஸ் கைவைக்காமல் நீங்களே 24 முதல் 48 மணி நேரம், ஓர் இரவும் சேர்த்து, ஆஸ்பத்திரி அறையிலேயே பார்த்துக்கொள்ளும் ஒத்திகை. அதைக் கேட்டு வாங்குங்கள். பகலில் எல்லாம் தெரிந்தவர்கள் இரவு இரண்டு மணி அலாரத்துக்குத் தடுமாறுவார்கள்.

ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலைப் பக்கம், பேரணாம்பட்டுக்கு உள்ளே வீடு என்றால், முடிந்தவர்கள் முதல் ஒரு மாதம் வேலூரிலேயே ரூம் எடுத்துத் தங்குவது நல்லது. அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவருவது அந்த முதல் வாரங்களில்தான்.

கட்டிலைவிட்டு நகராத பை

குழந்தை எங்கே போனாலும் கூடவே போக வேண்டிய ஒரு பை. உள்ளே: இப்போது போட்டிருக்கும் அதே அளவு டியூப் ஒன்று, அரை அளவு சின்ன டியூப் ஒன்று (4.0 போட்டிருந்தால் 3.5), இரண்டுக்கும் உள்ளே செருகும் வழிகாட்டிக் குச்சி, கட்டும் நாடா, முனை மழுங்கிய கத்தரி, தண்ணீரில் கரையும் ஜெல்லி, கதீட்டர்கள் (சளி உறிஞ்ச டியூபுக்குள் விடும் மெல்லிய குழாய்கள்), சலைன், கையுறை, தோளுக்கடியில் வைக்கச் சுருட்டிய துண்டு, அம்பு பேக், அதற்கு முகமாஸ்க், சின்ன ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுவது). வாசலின், தேங்காய் எண்ணெய் ஜெல்லிக்கு மாற்று ஆகாது; எண்ணெய்ப் பசை நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும்.

இந்தப் பையிலிருந்து "அவசரத்துக்கு" ஒரு கதீட்டர் எடுத்தால் அன்றைக்கே திரும்ப வையுங்கள். காலி பைதான் அதிகம் காணக்கிடைக்கும் தவறு.

பணம் எதில் போடுவது என்று கேட்டால்: பெரிய திரையுள்ள மானிட்டரில் வேண்டாம். அந்தப் பணத்தில் அலாரம் உள்ள நல்ல ஆக்சிமீட்டர், அதற்கு உபரி சென்சார், இரண்டாவது அம்பு பேக், காலால் மிதிக்கும் சக்ஷன் மெஷின் வாங்குங்கள். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் கால் சக்ஷன் கேட்டால் கிடைக்கும். பார்க்கப் பழைய காலத்துச் சாமான் போல இருக்கும். கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்ட இரவில் அதுதான் ஓடும்.

சக்ஷன்

கதீட்டர் நம்பருக்கு எளிய கணக்கு: டியூபின் உள்விட்டத்தை இரண்டால் பெருக்குங்கள். 4.0 டியூபுக்கு 8 நம்பர், 3.0 டியூபுக்கு 6 நம்பர். அதற்கு மேல் தடிமனாகப் போட்டால் காற்று போகவே வழியிராது.

ஆழத்தை ஊகிக்கக் கூடாது. உபரி டியூபுக்குள் கதீட்டரை விட்டு, பக்கத்துளைகள் மறுமுனையைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வெளியே தெரியும் இடத்தில் நிறுத்தி, மேலே எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று அளந்து, கட்டில் மேல் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டியூபோடு ஏதாவது கனெக்டர் எப்போதும் மாட்டியிருந்தால் அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். "முட்டும் வரை விட்டு எடு" என்பது பழைய வழக்கம். முட்டுகிற இடத்தில் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகி, சதை வளர்ந்து, கடைசியில் அந்தச் சதையே அடைக்கும்.

மெஷின் அழுத்தம் சின்னக் குழந்தைக்கு 80 முதல் 100 மி.மீ. பாதரசம், பெரிய பிள்ளைக்கு 120 வரை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கதீட்டரை அளந்த ஆழம் வரை விட்டு, கட்டைவிரலால் துளையை மூடி, விரல்களுக்கிடையே உருட்டியபடி வெளியே எடுங்கள். மொத்தம் 5 முதல் 10 விநாடி. அதற்கு மேல் வேண்டுமென்றால் வென்டிலேட்டரை மாட்டி, நான்கைந்து மூச்சு விட்டு, ஆக்சிமீட்டர் எண் ஏறிய பிறகு மறுபடி. ஒவ்வொரு தடவையும் சலைன் ஊற்ற வேண்டியதில்லை. சளி கெட்டியாக இருக்கிறதென்றால் குறை ஈரப்பதத்தில், அதைச் சரிசெய்யுங்கள்.

கடிகாரம் பார்த்து அரை மணிக்கொரு தடவை போட வேண்டாம். கரகரச் சத்தம், டியூப் வாயில் சளி, உயர் அழுத்த அலாரம், எண் இறங்குவது, முகம் சுளிப்பது: இவைதான் நேரம். கூடவே காலை எழுந்ததும், ஊட்டுமுன், தூங்குமுன் ஒரு தடவை. சளி இல்லாவிட்டாலும் டியூப் திறந்திருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். இருமத் தெம்பில்லாத தசைநோய்க் குழந்தைகளுக்குச் சக்ஷன் மட்டும் போதாது. இருமலுக்கு உதவும் மெஷினோ, அம்பு பேக்கால் காற்றை நிரப்பி மார்பை அழுத்தும் முறையோ பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு வாருங்கள்.

ஒரே கதீட்டரை அன்று முழுக்கப் பயன்படுத்தலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால்: ஒவ்வொரு தடவையும் காய்ச்சி ஆறிய தண்ணீரை உள்ளே இழுத்து, வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வையுங்கள். மறுநாள் புதிது. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் அதில் கிருமிதான் வளரும். சளி ஜாடியை முக்கால் நிரம்பும் வரை விடாதீர்கள். நிரம்பி மோட்டாருக்குள் போனால் மெஷின் அன்றோடு சரி. ஜாடியையும் ஊட்டும் குழாயையும் கழுவாமல் வைத்தால் இரவில் எறும்பு ஏறும், அங்கிருந்து கழுத்துத் துளை வரை வரும்.

நாடா மாற்றுவது, டியூப் மாற்றுவது

நாடா மாற்றும்போதுதான் டியூப் அதிகம் நழுவுகிறது. எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் கை டியூபைவிட்டு எடுக்கவே கூடாது, மற்றவர் பழையதை எடுத்துப் புதியதைக் கட்டுவார். தலையை முன்னால் சாய்த்த நிலையில் நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழைந்தால் தளர்ச்சி. படுத்திருக்கும்போது சரியாக இருந்த நாடா உட்கார வைத்ததும் தளர்ந்துவிடும். ஒட்டும் பட்டை வசதிதான். ஆனால் இழுக்கத் தெரிந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு முடிச்சுப் போட்ட பருத்தி நாடாவே நல்லது.

டியூபை வாரம் ஒரு தடவையா, இரண்டு வாரத்துக்கு ஒன்றா என்பதை ஆஸ்பத்திரி சொல்லும். வயிறு காலியாக இருக்கும்போது, அல்லது ஊட்டி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். புதிய டியூபில் குச்சியைச் செருகி, நாடாவைக் கோத்து, நுனியில் மெல்லிதாக ஜெல்லி தடவித் தயாராக வைத்த பிறகே பழையதைத் தொடுங்கள். தோளுக்கடியில் துண்டுச் சுருள், கழுத்து நீண்டு வரட்டும். சக்ஷன் போடுங்கள், சில மூச்சு கொடுங்கள், நாடாவை வெட்டுங்கள். பழையதை வளைவாக வெளியே எடுத்த அதே நொடியில் புதியதை வளைவாக உள்ளே விட்டு, குச்சியை உடனே உருவுங்கள். குச்சி உள்ளே இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சு இல்லை. வென்டிலேட்டரை மாட்டி, மார்பு இரண்டு பக்கமும் ஏறுகிறதா பார்த்து, பிறகு கட்டுங்கள். ஓரிரு சொட்டு ரத்தம் சகஜம். சிவந்த புது ரத்தம் நிற்காமல் வந்தால் அது வீட்டில் பார்க்கும் விஷயமல்ல, உடனே ஆஸ்பத்திரி.

மூச்சு நின்றால்

இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் செய்யத் தொடங்கும்போதே மற்றவர் 108-ஐ அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1. அலாரத்தை அமர்த்துவதில் நேரம் போக்காதீர்கள். வென்டிலேட்டரைக் கழற்றி, அம்பு பேக்கை டியூபில் மாட்டி, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தடவை அழுத்துங்கள். மார்பு ஏறி நிறம் திரும்பினால் கோளாறு மெஷினிலோ சர்க்யூட்டிலோதான். ஒருவர் பேக் அழுத்திக்கொண்டே இருக்க, மற்றவர் அதைப் பார்க்கலாம்.

2. பேக் கல்லாக இருந்தால், மார்பு ஏறாவிட்டால், ஒரே ஒரு தடவை சக்ஷன்.

3. கதீட்டர் இறங்கவில்லை, அல்லது இறங்கியும் மார்பு ஏறவில்லை: டியூபை அப்போதே மாற்றுங்கள். சலைன் ஊற்றி ஊற்றிப் பார்ப்பதில்தான் நிமிடங்கள் வீணாகின்றன.

4. அதே அளவு நுழையவில்லையா, அரை அளவு சின்னது. அதுவும் நுழையாவிட்டால், சின்ன டியூபுக்குள் ஒரு கதீட்டரைக் கோத்து, கதீட்டர் நுனியைத் துளைக்குள் சில சென்டிமீட்டர் விட்டு, அதன் மேலேயே டியூபைச் சறுக்கி இறக்குங்கள்.

5. எதுவுமே ஆகவில்லையென்றால், கழுத்துத் துளையைப் பஞ்சுத்துணியால் மூடி, முகமாஸ்க் வைத்து வாய் மூக்கு வழியாக பேக் அழுத்துங்கள். மேல் மூச்சுப்பாதை அடைபட்ட குழந்தைக்கு இது பலிக்காது. அவர்களுக்குச் சின்ன மாஸ்க்கைக் கழுத்துத் துளை மேலேயே வைத்து அழுத்த வேண்டும். உங்கள் குழந்தை இதில் எந்த வகை என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் கேட்டு, இந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

6. அசைவே இல்லை, நாடித்துடிப்பு இல்லை என்றால் மார்பு அழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழம். தனி ஆளாக 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இருவராக 15-க்கு 2.

ஆக்சிமீட்டர் எண் கொஞ்சம் இறங்கியதும் ஆக்சிஜனைக் கூட்டுவது எல்லார் கையும் முதலில் செய்வது. அது தப்பு. தசை பலவீனத்தால் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு எண் இறங்குவது பெரும்பாலும் சளியால், அல்லது காற்று போதாமல். ஆக்சிஜன் கூட்டினால் எண் மட்டும் அழகாக ஏறும். உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். காலையில் தலைவலி, காரணமில்லாத வியர்வை, பகலெல்லாம் தூக்கம், எழுப்பினால் எரிச்சல் என்று இருந்தால் எண் நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

அலாரத்தை நம்பலாமா

பாதிதான் நம்பலாம். குறைந்த அழுத்த அலாரம் என்றால் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது கசிகிறது. உயர் அழுத்தம் என்றால் சளி, மடங்கிய குழாய், குழாயில் தேங்கிய தண்ணீர், இருமல். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: 3.0, 3.5 போன்ற சின்ன டியூப் கழுத்திலிருந்து வெளியே வந்து படுக்கையில் கிடந்தாலும், அதன் சின்ன வாய் தருகிற தடையே போதும் என்று மெஷின் பேசாமல் இருந்துவிடக்கூடும். அதனால்தான் தூங்கும்போது ஆக்சிமீட்டர் கட்டாயம். ஆஸ்பத்திரியிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு, உபரி டியூபைச் சர்க்யூட்டில் மாட்டி மெஷினை ஓடவிட்டு அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள்.

மெஷின் திரையில் உள்ள அமைப்புகளை போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டுங்கள். காலை மாலை ஒத்துப்பாருங்கள். துடைக்கும்போது கைபட்டு மாறுவது உண்டு. காற்று வெளியேறும் சின்னத் துளை சர்க்யூட்டில் இருந்தால் அதைப் போர்வையால் மூடக் கூடாது. மூடினால் விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்கும். நுனியருகே காற்றடைக்கும் பலூன் உள்ள டியூபில் பேச்சு வால்வு (குழந்தை பேச உதவும் ஒருவழி வால்வு) மாட்டுமுன் பலூனை முழுதாக இறக்க வேண்டும். இறக்காமல் மாட்டினால் உள்ளே போன காற்று வெளியே வர வழியே இல்லை.

ஈரப்பதம்

மூக்கு செய்யும் வேலையை இங்கே ஈரப்பதமூட்டி செய்கிறது. இரண்டு வகை: சூடாக்கும் தண்ணீர்க் கிண்ணம், டியூபில் மாட்டும் சின்ன ஃபில்டர் (செயற்கை மூக்கு என்பார்கள்). இரவில் கிண்ணம், வெளியே போகும்போதும் கரண்ட் இல்லாதபோதும் ஃபில்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக மாட்டக் கூடாது. ஃபில்டர் நனைந்து அடைத்துவிடும். நெபுலைசர் கொடுக்கும்போதும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஃபில்டர் 24 மணி நேரத்துக்கு ஒன்று, சளி பட்டால் அப்போதே. கைக்குழந்தைக்குப் பெரியவர்கள் ஃபில்டரை மாட்டினால் விட்ட மூச்சு அதிலேயே தங்கும். குழந்தை அளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கிண்ணத்துக்கு மருந்துக்கடையில் விற்கும் சுத்திகரித்த டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ச்சினாலும் உப்பு போகாது, ஒரே வாரத்தில் கிண்ணத்தில் வெள்ளைப் படிவம் கட்டும். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் இதற்கல்ல. குழாயில் தேங்கும் தண்ணீரைக் குழந்தை பக்கம் சாய்க்காமல் வெளியே கொட்டுங்கள், கிண்ணத்துக்கும் திருப்பி ஊற்றாதீர்கள். மார்கழி, தை இரவுகளில் தேக்கம் கூடும். அப்போது குழாயின் மேல் மெல்லிய துணியுறை போட்டால் குறையும்.

கத்திரி வெயிலில் வேறு பிரச்சினை. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் மெஷினே சூடேறி அலாரம் அடிக்கும். சுவரைவிட்டு ஒரு ஜாண் தள்ளி, துணி மூடாமல், ஜன்னல் வெயில் படாமல் வையுங்கள். காற்று உள்ளே இழுக்கும் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் உண்டு. புகையிலைத் தூள் அந்த ஃபில்டரில்தான் முதலில் தெரியும். பீடித் தட்டு வேறு அறைக்குப் போக வேண்டும். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி கிடையாது, கொசுவலைதான். போகி விடியலில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துவார்கள், தேர் வீதிக்கு வரும்போது நிறுத்துவார்கள், மழைக்காற்றில் சொல்லாமலே போகும். ஆகவே கணக்குப் போடுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் தாளில் 1800 வாட்-மணி. இன்வர்ட்டர் இழப்பையும் பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 1000. வென்டிலேட்டர், ஒரு விளக்கு, ஒரு சின்ன ஃபேன் சேர்ந்து 120 வாட் என்றால் எட்டு மணி நேரம். சூடாக்கும் கிண்ணத்தையும் ஓட்டினால் அது பாதியாகும். 350 வாட் இழுக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் மெஷின்) மாட்டினால் இரண்டு மணி நேரம். அதனால் கரண்ட் போன உடனே கிண்ணத்தை நிறுத்தி ஃபில்டர், கான்சன்ட்ரேட்டரை நிறுத்தி சிலிண்டர். இதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்குங்கள்.

இன்வர்ட்டர் ப்யூர் சைன் வேவாக இருக்கட்டும், எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். வென்டிலேட்டரின் உள் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை மாதம் ஒரு தடவை சோதிக்கலாம். ஆனால் குழந்தையை மாட்டி வைத்துக்கொண்டு அல்ல. உபரி மெஷின் இருந்தால், அல்லது கம்பெனி ஆள் சர்வீசுக்கு வரும்போது, டெஸ்ட் லங் (நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் சோதனைப் பை) மாட்டிச் செய்யுங்கள். மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் வீட்டில் வென்டிலேட்டர் இருக்கிறதென்று எழுதிக்கொடுத்து, பராமரிப்பு நாளை முன்கூட்டிச் சொல்லக் கேளுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 சுவரில் 108-க்குக் கீழே இருக்கட்டும்.

சிலிண்டர் கணக்கும் இதே மாதிரி. பி டைப்பில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் 25 மணி நேரம், இரண்டு லிட்டர் என்றால் அதில் பாதி. வென்டிலேட்டரை ஓட்டிய பிறகே ஆக்சிஜனைத் திறவுங்கள். நிறுத்தும்போது முதலில் ஆக்சிஜனை மூடுங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் சாமி விளக்கு வேண்டாம். ரெகுலேட்டர் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

இரவு முறை, வெளியூர், காகிதங்கள்

இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஆறு வரை இன்னொருவர். படுத்துக்கொண்டே விழித்திருப்பேன் என்பது நடக்காது, நாற்காலியில் உட்காருங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி தெருவில் கட்டினால் அலாரம் காதில் விழாது, அந்த நாட்களில் அறையைவிட்டு யாரும் நகரக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோ வேண்டாம், குலுக்கலில் சர்க்யூட் கழலும், சத்தத்தில் அலாரம் கேட்காது. காரில் பின்சீட்டில் குழந்தைக்கு ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் டியூப் மாற்றத் தெரிந்தவர். ஓட்டுகிறவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளம்புமுன் சக்ஷன், ஃபில்டர், முழு பேட்டரி, பயண நேரத்துக்கு இரண்டு மடங்கு ஆக்சிஜன். ஓடும் காரில் ஆக்சிமீட்டர் எண் தடுமாறும். உதட்டு நிறத்தையும் மார்பையும் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். தசைச் சிதைவு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர், பிசியோதெரபிஸ்ட் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவருக்கு டிரக்கியாஸ்டமி பழக்கம் இல்லாமல் இருக்கலாம், டியூபை நீங்களே கையாளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து பையின் வெளிப்புற ஜிப்பில் வையுங்கள்: நோயின் பெயர், டியூப் அளவு, பலூன் உண்டா இல்லையா, மேல் மூச்சுப்பாதை திறந்ததா அடைத்ததா, வென்டிலேட்டர் அமைப்புகள், அழைக்க வேண்டிய வார்டு எண்.